புல்லர்ட் வாரம்

அக்டோபர் 5

இந்த வாரம் முழுக்க யூஜீன் புல்லர்ட்தான். போர் விமானியான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். ஆனால் அவர் பறந்தது பிரான்சுக்காக.

1895-ல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸில் பிறந்தவர். அப்பாவைக் கொல்ல வெள்ளைக்காரக் கும்பல் வீடு தேடி வந்ததைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார். வீட்டைவிட்டு ஓடி, 1912-ல் ஒரு கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி ஸ்காட்லாந்தில் இறங்கினார். குத்துச்சண்டை போட்டுப் பிழைத்து, அப்படியே பாரிஸ். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும், வெளிநாட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் படையான ஃபாரின் லீஜனில் சேர்ந்தபோது வயது 19.

அக்டோபர் 7

வெர்டன் போர்க்களத்தில் 1916-ல் படுகாயம். இனி காலாட்படைக்கு லாயக்கில்லை என்றாகிவிட்டது. வேறு யாராவது பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவரோ விமானி ஆகிக் காட்டுகிறேன் என்று நண்பர் ஒருவரோடு 2,000 டாலர் பந்தயம் கட்டினார்! 1917 மே மாதம் உரிமம் கையில். ஸ்பாட் என்ற பிரெஞ்சுப் போர் விமானத்தில் பறக்கும்போது ஜிம்மி என்ற குரங்கையும் கூட்டிக்கொண்டு போவாராம்.

சுமார் 20 முறை போருக்குப் பறந்திருக்கிறார். இரண்டு ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அவர் சொன்னதற்கு அதிகாரபூர்வ உறுதி கிடைக்கவில்லை. அவரைப் புகழ்கிறவர்கள் பலர் அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதற்கு? அந்தக் கணக்கு இல்லாமலே அவர் பெரிய ஆள்தானே. ‘மரணக் குருவி’ என்ற பட்டப்பெயரையும் விமானத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது அவர் இருந்த 170-வது காலாட்படைப் பிரிவின் பெயர்.

அக்டோபர் 8

அமெரிக்கா போரில் இறங்கியதும், பிரெஞ்சுப் படையில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது. புல்லர்டும் மனுப் போட்டார். எடுக்கவில்லை. வெள்ளையர்களுக்குத்தான் இடம். பிரான்சும் பெரிய யோக்கியமில்லை: ஒரு அதிகாரியோடு தகராறு வந்ததும் 1918 ஜனவரியில் அவரைக் காலாட்படைக்கே அனுப்பிவிட்டது. அதன்பிறகு அவர் பறக்கவேயில்லை.

அக்டோபர் 9

இன்று அவர் பிறந்தநாள். மரியாதைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

1954-ல் பாரிஸ் வெற்றி வளைவுக்குக் கீழே, பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறைச் சுடரை ஏற்றி வைக்க பிரான்ஸ் அவரை அழைத்தது. 1959-ல் செவாலியே விருது. அந்தச் சமயத்தில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் லிஃப்ட் ஆபரேட்டர். அதே வளாகத்தில்தான் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம். அந்த டிசம்பரில் அவரைப் பேட்டி எடுத்தார்கள், அதே லிஃப்ட் சீருடையில்.

அமெரிக்க விமானப்படை அவருக்குப் பதவி கொடுத்தது 1994-ல். இறந்து 33 வருஷம் கழித்து. அதுவும் செகண்ட் லெஃப்டினன்ட், அதிகாரிகளில் கடைசிப் படி. கொடுப்பதுதான் கொடுக்கிறீர்கள், ஒரு படி மேலே போட்டிருக்கக் கூடாதா? 2019-ல் ஜார்ஜியாவின் வார்னர் ராபின்ஸ் விமான அருங்காட்சியகத்தில் சிலையும் வைத்துவிட்டார்கள். சரி, சொந்த மாநிலமாவது.

அக்டோபர் 12

1961-ல் அவர் இறந்தது இதே நாளில். நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியிலுள்ள பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, நடந்தே ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இங்கேதான் இருக்கிறார், அதனால் இசை ரசிகர்கள் வருவதுண்டு. புல்லர்ட் இருப்பது பிரெஞ்சுப் போர்வீரர்களுக்கான பகுதியில். இங்கேயும் இடம் கொடுத்தது பிரெஞ்சுக்காரர்கள்தான்.

அடுத்து கறுப்பினப் பெண் விமானி பெஸ்ஸி கோல்மனைப் பற்றிப் படிக்கப் போகிறேன். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால், விமானி உரிமம் வாங்க அவரும் பிரான்சுக்குத்தான் போயிருக்கிறார், 1921-ல்.