தாராசுரத்தில் வானம் தோண்டிய கதை

அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கிடைத்து, வானமும் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி முடித்தாயிற்று. ஆனாலும் பிளான் அப்ரூவல் அலுவலகத்தில் பார்த்த எழுத்தர் மேல் இருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை.

தொல்லியல் துறை பாதுகாக்கும் ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, புதிதாகக் கட்டக் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி, என்.ஓ.சி. வாங்கித்தான் கட்ட வேண்டும். இது ஊரறிந்த கணக்கு. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சிக்கல். பிளான் அப்ரூவல் கேட்கப்போன இடத்தில் எழுத்தர் செல்போன் மேப்பில் கோயில் விமானத்தின் (கருவறைக் கோபுரத்தின்) மேல் விரலை வைத்து அளந்துவிட்டு, "நீங்க வெளியதான் சார் வர்றீங்க, என்.ஓ.சி.யே வேண்டாம்" என்றார். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். சர்வேயரை வைத்து அப்படி அளந்தால் எங்கள் மனை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் வருகிறது! அவர் பேச்சை நம்பி வேலையைத் தொடங்கியிருந்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். தூரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டாவிலும் புல வரைபடத்திலும் உட்பிரிவு எண் வேறு வேறாக இருந்ததால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பியது. அனுப்பும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றபடி அனுமதி ஒழுங்காகவே வந்தது, ஒரு நிபந்தனையோடு: தோண்டும்போது தொல்லியல் துறை ஊழியர் உடனிருக்க வேண்டும்.

தோண்டும் அன்று பொழுது விடியும் முன்னே ஜேசிபி வந்து நின்றது. "அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்ணே" என்றார் ஓட்டுநர். நான் சம்மதிக்கவில்லை. பக்கத்தில் பழையாறை, சோழர் அரண்மனை இருந்த ஊர். அரசலாறும் அதன் கிளைகளும் காலங்காலமாக வண்டலைக் கொட்டிய நிலம் இது. கோயில் முன்பகுதியே இன்றைய தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் கட்டுகிறது. கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன் காலத்துத் தரை நம் காலுக்கு எவ்வளவு கீழே இருக்கும்! ஜேசிபி வாளியால் ஒரு இழுப்பு இழுத்தால் போனது போனதுதான்.

நாலடி ஆழத்தில் வண்டலுக்கு நடுவே சுட்ட மண் விளிம்பு தெரிந்தது. உறைகிணறு, அதாவது சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டிய பழைய கிணறு. ஊழியர் உடனே ஜேசிபியை நிறுத்தச் சொல்லி, ஆட்களை விட்டுக் கையால் மண்ணை எடுக்கவைத்தார். ஆழம் அளந்து, படமெடுத்து, வரைந்துகொண்டார். இன்ஜினியர் முணுமுணுத்தபடியே ஒரு தூணை இரண்டடி தள்ளிப் போட்டார். உறை உடையவில்லை. பயந்த அளவுக்கு வேலையும் நிற்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஜேசிபியை மணிக்கணக்கு வாடகைக்குப் பேசாதீர்கள், காத்திருக்கும் நேரத்துக்கும் பணம் ஓடும். வானத்துக்கு ஆட்களை நாள்கூலிக்கு வைப்பதே மேல். சிலையோ காசோ கிடைத்தால், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் இதை மண்வெட்டி எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.