ஒரு துண்டு, ரெண்டு சோப்பு, ஒரு சீப்பு

அமெரிக்காவின் மினசோட்டாவில் என் மகள் குடும்பம் போகும் லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி வந்த கிறிஸ்தவப் பிரிவு) சபையில், வியாழக்கிழமை காலையில் பெண்கள் கூடிப் போர்வை தைக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். பழைய திரைச்சீலை, கிழிந்த படுக்கை விரிப்பு, தைத்து மிஞ்சிய துணி எல்லாம் சதுரமாக வெட்டப்பட்டு ஒட்டுத் துணியாகிறது. நடுவில் பஞ்சு விரிப்போ பழைய கம்பளியோ வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் தடித்த நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டு இறுக்குகிறார்கள். முடிச்சு மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மெஷின் மிதிக்க முழங்கால் விடவில்லை, விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஒரு போர்வை 60-க்கு 80 அங்குலம். இவை லுத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் கிடங்குக்குப் போய், அங்கிருந்து கப்பலில் சிரியா, ஜோர்டான், உக்ரைன் என்று போகின்றன. போருக்குப் பின் அல்லாடிய ஐரோப்பாவுக்கு உதவ 1945-ல் அமெரிக்க லுத்தரன்கள் தொடங்கிய அமைப்பு அது. போர்வை என்றால் போர்த்திக்கொள்ள மட்டும் இல்லை. முகாமில் அதுவே தரைவிரிப்பு, கூடாரத்துக்குத் தடுப்பு, சாமான் கட்டும் மூட்டை.

போர்வையோடு சின்னப் பொட்டலங்களும் கட்டுகிறோம். குளிக்கும் துண்டு ஒன்று, உறை பிரிக்காத சோப்பு இரண்டு, பல்துலக்கி, உறுதியான சீப்பு, நகவெட்டி. எல்லாவற்றையும் துண்டிலேயே சுருட்டி ரிப்பனால் கட்டிவிட வேண்டும். துண்டு கருநீலம், பழுப்பு என்று அடர் நிறமாக இருந்தால் நல்லது. கலங்கிய தண்ணீரில் அலசி அலசிக் கட்டும் பெண்ணுக்கு வெள்ளைத் துண்டு எத்தனை நாள் தாங்கும்?

ஒரு நாள் ஓர் இளம் தாய் ஆசையாக ஒரு பை நிறையப் பற்பசை வாங்கி வந்தாள். எங்கள் மேசையின் மூத்த அம்மா அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். "பட்டியலில் இது இல்லை கண்ணு. குழாய் வெடித்தால் துண்டும் வீண், தேதி முடிந்தால் கையில் பெறுகிறவளுக்குத்தான் கஷ்டம்" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று என் மகள் வண்டியில் வரும்போது கேட்டாள்.

இருக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன். நான் பொறையார்க்காரி. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய தரங்கம்பாடி எங்களுக்கு நடக்கிற தூரம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அந்தக் கரையில் கடல் ஏறியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அடுத்த வாரமே லாரி லாரியாகத் துணி வந்தது. பொத்தான் இல்லாத சட்டை, ஜிப் போன கால்சட்டை, நம் வெயிலில் யாரும் தொடாத ஸ்வெட்டர். மீனவப் பெண்கள் தொட மறுத்தார்கள். வீட்டையும் பிள்ளையையும் இழந்தவள், இன்னொருத்தி உடுத்திக் கழித்ததை ஏன் உடுத்த வேண்டும்? ரோட்டோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து நாறியது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்ன வேண்டும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்போது எங்கள் பெண்கள் கேட்டதெல்லாம் உள்பாவாடை, மாதவிலக்குத் துணி, மூடி போட்ட குடம்.

பணமாக அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல சமயம் பணமே மேல். பக்கத்து ஊர்க் கடைக்காரனும் பிழைப்பான். ஆனால் 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் பூமி அதிர்ந்து, 50,000-க்கும் மேல் செத்து, மிஞ்சியவர்கள் கடுங்குளிரில் தெருவில் நின்றார்களே, அப்போது தைக்க உட்கார்ந்தால் ஆகாது. போர்வை கிடங்கில் முன்னாடியே காத்திருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு, தைத்ததையெல்லாம் கோயிலில் ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் விரித்துப் போட்டார்கள். ஐயர் (சபைப் போதகர்) ஜெபிக்கும்போது எல்லாரும் தம் முன்னால் இருந்த போர்வைமேல் கை வைத்தார்கள். என் கைக்குக் கீழே யாரோ வீட்டுச் சமையலறைத் திரையின் எலுமிச்சம்பழப் படம். அது யார் தோளுக்குப் போகப்போகிறதோ, அவருக்காக வாய்விட்டு ஜெபித்தேன்.

புயல் மாதம் வருவதற்குள் நம் சபை மாதர் சங்கத்திலும் இப்படி ஒரு பட்டியல் வேண்டும். முதலில் மீனவத் தெருப் பெண்களைக் கூப்பிட்டு, போன தடவை எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் காணிக்கைத் தட்டு. ஊருக்கு போன் பண்ணி ஐயரிடம் சொல்லிவிட்டேன். அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம் கூட்டம் வைக்கலாம் என்றிருக்கிறார்.