கடம் கேட்ட மார்கழி

16 டிசம்பர் 2024, திங்கள்

மார்கழி பிறந்த அன்றைக்கா இந்தச் செய்தி வர வேண்டும்! நேற்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு தரம் போய்விட்டார் என்றார்கள், அப்புறம் இல்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்றார்கள். காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து போனைப் பார்த்தால் உறுதியாகிவிட்டது. தபலா வித்வான் ஜாகிர் உசேன், சான் ஃபிரான்சிஸ்கோவில், 73 வயதில். நுரையீரல் கோளாறு.

எல்லோரும் அவர் நடித்த அந்த டீ விளம்பரத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் வந்தது அவர் வாசித்த 'சக்தி' குழு. அண்ணன் பள்ளிக்கூட நாட்களில் மூன்று வருஷம் கடம் கற்றுக்கொண்டான். அப்போது யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடிப் பதிவு செய்து வாங்கி வந்த கேசட். அப்பாவுக்குப் பிடிக்காது, "வண்டி பிரேக் இல்லாம ஓடறா மாதிரி இருக்கு" என்பார்.

இந்த மார்கழிக்குச் சபா பக்கம் போவதாக இல்லை. சக்தி ரெக்கார்டுகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்கப் போகிறேன். தபலாவை இந்த வாரம் ஊரே கேட்கும். நான் கடத்தைக் கேட்கிறேன்.

17 டிசம்பர், செவ்வாய்

முதல் இசைத்தட்டு. 1975 ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியை அப்படியே எடுத்து 1976-இல் கொலம்பியா வெளியிட்டது. கிதார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர், மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். மொத்தமே மூன்று உருப்படி. 'ஜாய்' 18 நிமிஷம், 'லோட்டஸ் ஃபீட்' ஐந்துக்கும் குறைவு, இரண்டாம் பக்கம் முழுக்க ஒன்றே ஒன்று, 29 நிமிஷம். அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாளத்தில் பாதிச் சுற்று, அரை ஆவர்த்தனம், போய்விடும்.

என்னிடம் இருப்பது பழைய கடையில் வாங்கிய எல்பி. "ஒரு கீறல் கிடையாதும்மா" என்று சத்தியம் பண்ணாத குறையாக விற்றார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் ஊசி குதிக்கும், எப்போது போட்டாலும் அதே இடம். ஒரு பக்கத்தில் 29 நிமிஷத்தை அடைத்தால் வரிகளை நெருக்கித்தான் வெட்ட முடியும், ஒலியையும் குறைத்துத்தான் பதிக்க வேண்டும். வால்யூமை ஏற்றினால் கூடவே கரகரப்பும் ஏறுகிறது.

கடம்? தேட வேண்டியிருக்கிறது. மிருதங்கமும் தபலாவும் இரண்டு பக்கமும் நிற்கும்போது நடுவில் அது வெறும் மினுமினுப்பு. அடித்தொண்டையில் 'கும்' என்று எழும்போதுதான், ஓ, பானை என்று தெரிகிறது.

18 டிசம்பர், புதன்

கிதாரைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். மெக்லாக்லின் யார்க்‌ஷயர்காரர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்து, 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்று காது கிழியும் மின்சாரக் குழு நடத்தியவர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வயலின் சங்கரும் அப்போது அங்கேதான் இருந்தார். (சங்கர் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், அப்பா லட்சுமிநாராயண ஐயர் அங்கே இசை ஆசிரியர்.)

வீணையில் மெழுகின் மேல் மெட்டுகள் (சுரத்துக்குச் சுரம் குறுக்கே பதித்த கட்டைகள்) எழும்பி நிற்கும், கம்பியை இழுத்தால் சுரம் அசையும், அதுதான் கமகம். கிதாரில் அந்த வசதி கிடையாது. அதனால் சக்திக்கென்று செய்த கிதாரில் மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிவிட்டார்கள். விரல் மரத்தில் முட்டாது. பிரதானக் கம்பிகளுக்கு அடியில் குறுக்காக, தொடாமலே கூட அதிரும் ஏழு அனுசுரக் கம்பிகள் வேறு. 'லோட்டஸ் ஃபீட்'டில் அவர் ஒரு சுரத்தில் நின்று லேசாக அசைக்கும்போது இந்தத் தச்சு வேலைக்குப் பலன் தெரிகிறது.

20 டிசம்பர், வெள்ளி

'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 1976. லண்டனில் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. மிருதங்கம் இல்லை, நான்கே பேர்.

முதல் உருப்படி கொன்னக்கோலில், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வதில், எடுக்கிறது. மாமியார் கும்பகோணத்துக்காரர், பூஜை அறையில் திரி திரித்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "யாருடி அது, சொல்கட்டு சுத்தமா இருக்கே?"

"அமெரிக்கா, இங்கிலாந்தெல்லாம் சுத்தின குழு அம்மா. அதுல ஒருத்தர் வெள்ளைக்காரர்."

"இருந்துட்டுப் போறான். வாத்தியார் நம்மாளுதானே?"

மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

மிருதங்கம் போனதில் கடத்துக்கு ஆதாயம். கச்சேரியில் உபபக்கவாத்தியம் என்று ஓரத்தில் உட்கார்ந்து, கடைசியில் தனி ஆவர்த்தனத்தில் கொஞ்சம் கையைக் காட்டுகிற வாத்தியம் இங்கே தபலாவுக்குச் சம அந்தஸ்தில் உட்கார்ந்துவிட்டது. 15 நிமிஷ 'ஐசிஸ்'ஸை ஹெட்போனில் கேட்டேன். கழுத்தில் தட்டுவது, வயிற்றில் தட்டுவது, பானையின் வாயைத் தன் வயிற்றில் அழுத்தித் திறப்பது என்று மூன்றுக்கும் தனித்தனி நாதம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சக்தியின் ஆகச் சிறந்த தட்டு எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், முதல் தட்டின் ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும்.

21 டிசம்பர், சனி

'நேச்சுரல் எலிமென்ட்ஸ்', 1977, ஜெனீவா. எட்டு உருப்படி, எல்லாமே சின்னச் சின்னது. ஒன்றின் பெயர் 'கம் ஆன் பேபி டான்ஸ் வித் மீ'! வானொலிக்கு ஏற்ற மாதிரி நறுக்கியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். இனிமைக்குக் குறைவில்லை. ஆனால் பந்தி போட்டு உட்கார வைத்து, பாயசத்தோடு எழுப்பிவிட்டது போல் இருக்கிறது. அடுத்த வருஷம் குழு கலைந்துவிட்டது.

23 டிசம்பர், திங்கள்

இன்று 'லோட்டஸ் ஃபீட்' மட்டும். இதே மெட்டு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' தட்டிலும் இருக்கிறது என்பது நேற்றுத்தான் உறைத்தது. அதுவும் அதே 1975 கோடையில் பிரான்ஸில் பதிவானது. அங்கே மெக்லாக்லின் கிதார் சிந்தசைசரில் வாசிக்கிறார். பஞ்சுமிட்டாய் மாதிரி, வாயில் போட்டதும் கரைகிறது. லாங் ஐலண்டில் மரமும் கம்பியும் தோலும் மண்ணுமாக வாசித்ததையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கோடையில் இவர் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார் என்று வேறு யாரும் விளக்க வேண்டாம்.

1997-இல் மெக்லாக்லின் ஜாகிர், விக்கு இருவரோடும் மறுபடி சேர்ந்தபோது ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலில் அதே மெட்டு. 2000-இல் வந்த 'தி பிலீவர்' தட்டில் மாண்டலின் ஸ்ரீநிவாஸோடு இன்னொரு தரம். மாண்டலினில்தான் எனக்குக் கண் கலங்கியது. ஸ்ரீநிவாஸ் 2014-இல் 45 வயதில் போய்விட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேனோ என்னவோ.

26 டிசம்பர், வியாழன்

அந்த 1997 சேர்க்கையின் 'ரிமெம்பர் சக்தி' இரட்டைத் தட்டு. 'முக்தி' என்ற உருப்படி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அரிசி களைந்து, குக்கர் வைத்து, சாம்பார் இறக்கி, அப்பளமும் பொரித்தாகிவிட்டது, இன்னும் முக்தி கிடைக்கவில்லை.

'பிலீவர்' தட்டில் விக்குவின் இடத்தில் மகன் செல்வகணேஷ். அவர் கடமும் வாசிப்பார், ஆனாலும் அவர் கை கஞ்சிராவின் கை, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்னத் தோல் வாத்தியம். கஞ்சிராவில் தோலுக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் தடவினால் சுருதி இறங்கிவிடும், கச்சேரி நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். கடத்துக்குச் சூளையில் வெந்தபோது வாய்த்த சுருதிதான் ஆயுளுக்கும். அதனால்தான் வித்வான்கள் வீட்டில் வரிசையாகப் பானை. அப்பாவின் வாத்தியம் அசையாது, பிள்ளையின் வாத்தியம் சொன்னபடி கேட்கும்.

மும்பை கச்சேரித் தட்டையும் போட்டேன். மேடை நிறைய ஆட்கள், கல்யாண வீட்டுக் கூட்டம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

28 டிசம்பர், சனி

'திஸ் மொமென்ட்', 2023. நேச்சுரல் எலிமென்ட்ஸுக்கு 46 வருஷம் கழித்து வந்த ஸ்டூடியோ தட்டு. மெக்லாக்லின், ஜாகிர், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன். கொரோனா காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பதிவு செய்தது. இந்த பிப்ரவரியில் கிராமி வாங்கியது. 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நினைவாக ஆரம்பிக்கிறது. துடைத்து வைத்த வெள்ளிப் பாத்திரம் போல் சுத்தமான ஒலி. ஒருவர் மூச்சு இன்னொருவர் மைக்கில் விழாத சுத்தம். எனக்கு லாங் ஐலண்டின் கரகரப்பே போதும்.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "உன் கடம் என்ன ஆச்சு?"

"அம்மா புளி போட்டு வச்சிருந்தாளே, மறந்துட்டியா? பரண்ல இருக்கும். நாளைக்கு எடுத்துண்டு வரேன்."

29 டிசம்பர், ஞாயிறு

வந்தான். பானையில் இன்னும் புளி வாசம். சட்டைப் பித்தானைக் கழற்றி, வயிற்றில் சாய்த்து, இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். விரலில் மோதிரம் இடித்தது, கழற்றி என்னிடம் கொடுத்தான். எல்பியின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பானை சுருதியில் அரைக் கட்டை கீழே நின்றது.

"ஒட்டலையே," என்றேன்.

அவன் எழுந்து போய் டர்ன்டேபிளைக் குனிந்து பார்த்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு, நான் தொட்டதே இல்லை. ஒரு கையால் பானையைத் தட்டிக்கொண்டே மற்றக் கையால் அதை மெல்ல மெல்லக் கீழே இழுத்தான். கிதார், வயலின், தபலா, மிருதங்கம், விக்குவின் கடம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, எங்கள் வீட்டுப் புளிப் பானையோடு வந்து சேர்ந்தன.

பத்து நிமிஷம் வாசித்திருப்பான். முப்பது வருஷம் தொடாத கை, வேகம் வந்தபோதெல்லாம் தடுமாறியது. மாமியார் சோபாவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கீறல் வந்தது, ஊசி குதித்தது. அவன் கண்ணைத் திறக்காமலே, "மூணு அட்சரம் முழுங்கிடுத்து," என்று சொல்லி, ஒரு தட்டு நிறுத்திவிட்டு அடுத்ததில் சேர்ந்துகொண்டான்.