சித்தப்பாவின் ட்றம்பெற்

தேவாலய பாண்ட் குழுவில் சித்தப்பா வாசித்த ட்றம்பெற், அவர் காலமான பிறகு அலுமாரியின் அடித்தட்டிலேயே கிடந்தது. நத்தாருக்கு வீடு கழுவியபோது பெட்டியைத் திறந்தேன். வெல்வெற் துணியைக் கறையான் அரித்திருந்தது. குழாய் மூட்டுகளிலெல்லாம் பச்சைக் களிம்பு. அதற்குப் பாதிக் காரணம் எங்கள் வீட்டாரின் அன்புதான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் பழப்புளி போட்டுத் தேய்த்து, மூட்டுகளுக்குள் தங்கிய புளிப்பைச் சரியாகக் கழுவாமல் வைத்துவிட்டார்கள்.

பித்தளை வாத்தியத்துக்கு மினுக்கத்தைவிடக் காற்றுக் கசியாமைதான் முக்கியம். மூன்று வால்வுகளையும் கழற்றி, கம்பளி வளையங்களையும் சுருள்வில்களையும் தனியே எடுத்துவைத்து, மிதமான சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துக் கழுவினேன். கொதிநீர் ஊற்றினால் மேற்பூச்சு உரிந்துவிடும். வால்வுத் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவானது என்பதால், அங்கே அரத்தாளைக் கொண்டுபோவது பெரும் பிழை. ஒவ்வொரு தண்டிலும் இலக்கம் பொறித்திருக்கும். இடம் மாறினால் காற்று அடைபடும்.

என் பொறுமையை அதிகம் சோதித்தது மூன்றாம் வால்வின் இழுகுழாய். அந்த வால்வை அழுத்தினால் சுருதி ஒன்றரைத் தொனி இறங்கும். ஆனால் முதலாம் வால்வையும் சேர்த்து அழுத்தும்போது சுருதி சற்று ஏறிவிடும் என்பதால், வாசிப்பவர் இழுகுழாயை வெளியே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். எங்களுடையதோ இறுகிப்போயிருந்தது. ஊடுருவும் எண்ணெயை மூட்டில் விட்டு நான்கு நாள் காத்திருந்து, வளைவுக்குள் சீலைத்துண்டைக் கோத்து வெடுக்கென்று இழுத்தபோதுதான் அசைந்தது. குறடு பிடித்திருந்தால் குழாய் முறுகியிருக்கும்.

விட்டுப்போன தாங்குகம்பியைப் பற்றவைக்கக் யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியில் தெரிந்த நகைசெய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல வெங்காரத்தையும் நகை ஒட்டும் வெள்ளிப் பொடியையும் எடுத்தார். “ஐயா, ஈயப்பற்றே போதும்,” என்றேன். வெள்ளிப் பொடி உருக 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மெல்லிய பித்தளை இளகுவதோடு பக்கத்து மூட்டுகளும் விட்டுவிடும். ஈயப்பற்று ஏறக்குறைய 190 பாகையிலேயே உருகும். “இது எங்கட வேலையில்லையே, தம்பி,” என்று சிரித்தார். ஆனாலும் ஊதுகுழலைத் தூரப்பிடித்துச் சுவாலையைத் தடவுவதுபோலக் காட்டி, ஒரு சொட்டும் வழியாமல் ஒட்டித்தந்தார்.

எச்சில்நீர் வடியும் துவாரத்தின் தக்கை உக்கியிருந்தது. மருந்துப் போத்தலின் தக்கையைச் சவர அலகால் வட்டமாகச் சீவி ஒட்டினேன், இதுவரை கசியவில்லை. வால்வை அழுத்தாமல் இழுகுழாயை மெல்ல இழுத்துப் பார்த்தேன். உள்ளே காற்று பின்னிழுத்தது. கடைசியில் “பொப்” என்ற சத்தத்தோடு கழன்று வந்தது. வால்வுகள் இன்னும் தேயவில்லை என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி.

ட்றம்பெற்றின் விரிந்த முனையான மணிவாயின் விளிம்பில் ஒரு நெளிவு இருக்கிறது. பவனியில் யாரோ சைக்கிளால் இடித்தது என்று சித்தி சொன்னார். ஒலியை அது கெடுக்கவில்லை என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.