விண்டோஸ் ‘போட்டுத் தந்த’ லாப்டொப்

கொழும்பில் செகண்ட்ஹாண்ட் லாப்டொப் வாங்கினால் முதலில் லைசென்ஸைப் பாருங்கோ. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி’ என்று (ஆங்கில எழுத்தில்தான்) அடியுங்கோ. ‘வொல்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ (கம்பனிகளுக்கான மொத்த லைசென்ஸ்), 180 நாள் கெடு என்று வந்தால் பெரும்பாலும் கிராக், அதாவது களவாக ஆக்டிவேட் செய்தது. பழைய கம்பனி மெஷினாகவும் இருக்கலாம்; அப்படியென்றாலும் அந்த லைசென்ஸ் உங்களுடையதில்லை.

கிராக்கைவிட அது விட்டுப்போகிற ஓட்டைதான் எனக்குப் பயம். பல கிராக்குகள் விண்டோஸின் அன்டிவைரஸான டிஃபென்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கேன் செய்யாமல் விடுகிறவை) பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிடும். பிறகு அதுக்குள் எது வந்து குந்தினாலும் ஸ்கேன் ஆகாது. ஃபோல்டரை அழித்தால் போதாது, டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடவேணும்.

ஆக்டிவேட் செய்யாத விண்டோஸே இதைவிட மேல்: மூலையில் வோட்டர்மார்க், வோல்பேப்பர் மாற்ற செட்டிங்ஸ் விடாது, ஆனால் பாதுகாப்பு அப்டேட் வரும். கடிதம் அடிக்க இலவச லிப்ரே ஒஃபிஸ் தாராளம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தி, 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிற மைக்ரோசொஃப்ட்டிலும் பிழை இருக்கு.