கவச உடையைக் கழற்றும் நேரம்

கொரோனா வார்டில் டாக்டருக்கு எப்போது ஆபத்து அதிகம் என்று கேட்டால், நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது என்றுதான் பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. அங்கே கவசமும் இருக்கிறது, கவனமும் இருக்கிறது. ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், உள்ளே சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்க, 'எப்படா இதைக் கழற்றுவோம்' என்று வரும்போது முதலில் கழன்று விழுவது கவனம்தான்.

2003-இல் கொரோனா வகை வைரஸால் வரும் சார்ஸ் நோய் பரவியபோது உலகம் முழுக்க 8,096 பேருக்கு நோய் கண்டது. அதில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள். அதாவது ஐந்தில் ஒருவர்.

கழற்றும் வரிசை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பெரும்பாலும் பொதுவானவை சில. அழுக்கு அதிகம் பட்ட வெளிக் கையுறை ஆரம்பத்திலேயே போக வேண்டும். முழு உடையைத் தலையிலிருந்து கீழ்நோக்கி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும், உதறக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் நடுவே 20 முதல் 30 விநாடி சானிடைசர் தேய்க்க வேண்டும். என்95 மாஸ்க்குக்கு முறை கடைசியில்தான் வரும், அதுவும் நோயாளிகள் இருக்கும் பகுதியைத் தாண்டிய பிறகு. முன்பக்கத்தைத் தொடாமல், குனிந்து, கீழ்ப் பட்டையை முதலில், மேல் பட்டையை அடுத்து எடுக்க வேண்டும். தப்பு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கும்: ஜிப்பைத் தேடும் கை கழுத்தில் படுவது, கண்ணுக்கு மாட்டிய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் நெற்றி வியர்வையைத் துடைப்பது. எதிரே ஆளுயரக் கண்ணாடியும், படிகளை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆளும் இருந்தால் இரண்டையும் பெருமளவு தவிர்க்கலாம். ஆள் பற்றாக்குறை என்று முதலில் வெட்டப்படுவதும் அந்த ஆள்தான்.

மாஸ்க் வடிகட்டும் திறன் 95 சதவீதம் என்பது காற்று துணி வழியாகப் போனால்தான். கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியைத்தான் பிடிக்கும். தாடி இருந்தால் ஒட்டாது. காதில் மாட்டும் ரகம் தலையைச் சுற்றிக் கட்டும் ரகம் அளவுக்கு இறுக்கமாக உட்காராது. போட்டதும் இரண்டு கையாலும் மூடி வேகமாக ஊதிப் பார்க்க வேண்டும். கண் பக்கம் காற்று அடித்தால் மூக்குக் கம்பியைச் சரிசெய்த பிறகே உள்ளே போகலாம்.

மூச்சு விட முடியாத நோயாளிக்கு வாய் வழியே சுவாசக் குழாய் பொருத்தும் நேரம் தனி ரகம். டாக்டரின் முகம் நோயாளியின் திறந்த வாய்க்கு ஒரு அடி தூரத்தில் இருக்கும். அதனால் அறையில் அனுபவசாலிகளாகச் சிலரே இருக்க வேண்டும். தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் கருவி இருந்தால் முகத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். முதலில் 3 முதல் 5 நிமிடம் முழு ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டு, கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையை முடிந்தவரை அழுத்தாமல் குழாயைப் போடுவார்கள். குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பலூனை ஊதிய பிறகே வென்டிலேட்டர் காற்று போக வேண்டும். அவசரத்தில் இந்த வரிசை புரண்டால் நுரையீரல் காற்று அப்படியே அறைக்குள் வரும். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில்கூட மிதக்கும் துகளில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறைதான் மாறுமென்றால் 46 நிமிடம். வேலை முடிந்ததென்று மாஸ்க்கைத் தளர்த்துகிறவர்கள் இந்தக் கணக்கை நினைப்பதில்லை.

பிறகு டூட்டி ரூம். ஜன்னல் மூடிய சின்ன அறையில் நாலு பேர் மாஸ்க்கை இறக்கிவிட்டு டீ குடிக்கிறார்கள். எதிரில் இருப்பவர் நோயாளி இல்லை, சக டாக்டர்தான்; பயமே வராது. அங்கே ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட அனுப்புவதற்குச் செலவு எதுவும் இல்லை.