கம்பளி டயப்பர் கவர்: துவைப்பதும் லேனோலின் ஏற்றுவதும்

பிள்ளைக்குக் கட்டும் உள்துணியின் ஈரம் வெளியே ஒழுகாமலிருக்க அதன்மேல் போடுவதுதான் கம்பளி டயப்பர் கவர். ஆட்டுக் கம்பளியிலுள்ள இயற்கை மெழுகான லேனோலினை அதில் ஏற்றினால்தான் ஈரம் நிற்கும். முதலில் கையில் இருப்பது ஆட்டுக் கம்பளிதானா என்று பார்த்துவிடுங்கள். கடையில் 'உல்லன்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். ஒரு இழையைத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். கம்பளி, முடி கருகுகிற வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கெட்டி மணியாக நிற்கும். அதில் லேனோலின் ஏற்றிப் பயனில்லை.

மூத்திரம் பட்ட கவரைத் தினமும் துவைக்க வேண்டாம். கழற்றியதும் காற்றில் விரித்துப் போட்டால், காய்ந்ததும் வாடை போய்விடும். காய்ந்த பிறகும் வாடை நின்றாலோ, ஒழுகத் தொடங்கினாலோ துவைக்கலாம். 4 கவர் மாற்றி மாற்றிப் போட்டால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். மலம் பட்டால் மட்டும் அப்போதே அந்த இடத்தை அலசிவிட வேண்டும்.

துவைக்க வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பேபி ஷாம்பு போதும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் நல்லது. சாதாரண சலவைத்தூள் வேண்டாம். அதிலுள்ள என்சைம் கம்பளியின் புரதத்தையே அரிக்கும். பிளீச்சிங் பவுடர் பட்டால் இழையே கரைந்துவிடும். 15 நிமிடம் ஊறவிட்டு, அமுக்கி அமுக்கி அழுக்கெடுங்கள். கசக்கவோ கல்லில் அடிக்கவோ கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவி, கவர் சுருங்கித் தடித்துப் போகும். பிறகு பழையபடி ஆகாது. அலசும் தண்ணீரும் அதே வெதுவெதுப்பில் இருக்கட்டும்.

லேனோலின் ஏற்றும்போதுதான் நிறைய பேருக்குத் தப்புகிறது. மருந்துக் கடையில் பால் கொடுக்கும் தாய்மாருக்கு விற்கிற சுத்தமான லேனோலின் குழாய் கிடைக்கும். வேறு எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கவருக்கு அரை டீஸ்பூன். புதுக் கவர் என்றால் இதையே 2, 3 தடவை செய்யவேண்டும். மூடியுள்ள ஸ்டீல் பாட்டிலில் ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, லேனோலினையும் கால் டீஸ்பூன் பேபி ஷாம்புவையும் போட்டுக் குலுக்குங்கள். பாட்டிலை நிரப்ப வேண்டாம். ஆவி தள்ளும், மூடியை மெதுவாகத் திறக்கவும். தண்ணீர் நீர்த்த பால் போல வெளுக்க வேண்டும். மேலே மஞ்சள் எண்ணெய்ப் பொட்டு மிதந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். இன்னும் சில சொட்டு ஷாம்பு விட்டுக் குலுக்குங்கள். ஷாம்பு கூடிப்போனாலும் லேனோலின் கம்பளியில் நிற்காமல் தண்ணீரோடு போய்விடும்.

ஷாம்புவுக்குப் பதில் சோப்பு சீவிப் போடுவதும் உண்டு. கடலோரத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அது சரிவராது. சோப்பு திரிந்து, லேனோலினும் பிரிந்து, கவரில் திட்டுத்திட்டாக ஒட்டும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இதற்கு அதைவிட நல்லது இல்லை.

இந்தப் பால் தண்ணீரைச் சருவத்தில் 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, கவரை உள்பக்கம் வெளியே திருப்பி முக்கி வையுங்கள். சருவத்துத் தண்ணீர் சூடில்லாமல் இருந்தால் லேனோலின் கட்டியாகிவிடும். 40 டிகிரிக்குப் பக்கத்தில்தான் அது உருகும். இரவு முழுக்க ஊறட்டும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதாதா என்று நம்மூரில் கட்டாயம் கேட்பார்கள். போதாது. நம் வெயிலுக்கு அது உருகியே கிடக்கும், உள்துணிக்கு இறங்கும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

எடுத்த கவரைப் பிழியாமல் துவர்த்தில் (துண்டில்) சுருட்டி மிதியுங்கள். பிறகு சுளவிலோ (முறத்திலோ) நார்க்கட்டிலிலோ பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும். நம் குமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரே நாளில் காயலாம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் 2, 3 நாள்கூட ஆகும். ஃபேனுக்கு அடியில் போடுவதே வழி. 4 கவர் என்று சொன்னது இதனால்தான்.

காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் சரி. அப்படியும் தொடையோரம் நனைந்தால் உடனே லேனோலினைக் குற்றம் சொல்லாதீர்கள். உள்துணியின் ஓரம் கவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை உள்ளே செருகினால் நிற்கும். கவரையும் உள்துணியையும் சேர்த்துத் துவைக்கக் கூடாது. உள்துணியில் லேனோலின் ஏறினால் அது மூத்திரத்தை உறிஞ்சாது.

எடுத்து வைக்கும்போது நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், காய்ந்த வேப்பிலை போடலாம். பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிள்ளைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்று பலருக்குத் தெரிந்திருக்காது. பாச்சை உருண்டையோடு கிடந்த பழைய கவர் யாராவது தந்தால் வாங்காதீர்கள்.